பிரான்சிலிருந்து ஊருக்கு, உடன்பிறந்தவனின் சேதி

முதல் உலகப் போரில் 1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் பட்டாளத்தின் லாகூர் டிவிஷன் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. மீரட் டிவிஷன் பின்தொடர்ந்தது. பஞ்சாப், கார்வால், வடமேற்கு எல்லைப்புறம் எனச் சில வட்டாரங்களில், சில சமூகத்தாரிடமிருந்தே அன்று பெரும்பாலும் ஆள் எடுத்தார்கள். அதனால் அண்ணன் தம்பிகளும் பங்காளிகளும் ஒரே ரெஜிமென்டிலோ பக்கத்து ரெஜிமென்டிலோ இருந்தார்கள். ஒருவன் படுக்கையில் விழுந்தால், ஊருக்குச் சேதி சொல்லும் கடமை மற்றவனுடையது.

அது எளிதான கடமையல்ல. பலருக்கு எழுத்து தெரியாது. தெரிந்த தோழன் ஒருவன் உருதுவிலோ குர்முகியிலோ எழுதிக்கொடுப்பான். ஊரிலும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். தாய்க்குச் சொல்லும் சொல் இத்தனை காதுகளைக் கடந்துதான் போனது. இடையில் தணிக்கை அலுவலகமும் இருந்தது. கேப்டன் ஹவலின் தலைமையில் இயங்கிய அந்த அலுவலகம், கடிதங்களைப் படித்து, சோர்வும் அதிருப்தியும் ஊருக்குப் பரவாமல் பார்த்துக்கொண்டது. சிப்பாய்களும் சங்கேதம் கற்றார்கள்: கருமிளகு என்றால் இந்தியர், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரர்.

காயம்பட்டவர்களில் பலர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குப் போனார்கள். அங்கே அரச மாளிகையே 700-க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாகியிருந்தது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள், பல சமையற்கூடங்கள். கவனிப்பைப் புகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. ஆனால் குணமானவனை மறுபடி போர்முனைக்கே அனுப்பினார்கள் என்பது அவர்களைத் தீராமல் வாட்டியது. உடன்பிறந்தவன் தேறி வருகிறான் என்ற வரியை முழு நற்செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாமல் போனது இதனால்தான்.

எல்லைப்புறத்து மீர் தஸ்த், மீர் மஸ்த் சகோதரர்களின் கதை இன்னும் கடினமானது. 1915 மார்ச்சில் மீர் மஸ்த் சில வீரர்களுடன் ஜெர்மன் பக்கம் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதம் ஈப்ர் போரில் மீர் தஸ்த் நச்சுவாயுவில் சிக்கியும் தோழர்களை மீட்டார். ஆகஸ்டில் பிரைட்டனில் மன்னர் கையால் விக்டோரியா சிலுவை பெற்றார். பதக்கம் பெருமைதான், ஆனால் வாயு தன்னை நிம்மதியாக இருக்க விடவில்லை என்று படுக்கையிலிருந்து தன் ரெஜிமென்ட் நண்பருக்கு எழுதினார்.

ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை இன்று கிடைப்பதில்லை. தணிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கைகளில் சேர்த்த பகுதிகள் மட்டும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.