பழைய அலுமினிய அம்புகள்: எடைக்குப் போடுமுன் ஒரு யோசனை

வில்வித்தை பழகிய நம் பேரன், வளைந்துபோன அலுமினிய அம்புகள் 12-ஐ நம் கடையில் போட்டுச் சென்றான். பழைய இரும்புக் கடைக்குப் போடலாம் எனத் தராசில் வைத்தோம். அரைக் கிலோகூட இல்லை. இதற்கு என்ன காசு வரும்? வேறு பயன் தேடினோம்.

அம்பின் மேல் 2117 என்பதுபோல் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வெளி விட்டம்: அங்குலத்தில் 64-ல் 21 பங்கு. அடுத்த இரண்டு குழாய்ச் சுவரின் கனம்: அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. ஆக, இது இலேசான, துருப்பிடிக்காத குழாய்.

முதல் வேலை, கூர்முனையை அகற்றுவது. குழந்தைகள் வந்துபோகும் கடை அல்லவா! இலேசாகச் சூடு காட்டினால் பெரும்பாலும் பசை இளகி முனை கழன்றுவிடும். வால் பக்கத்தை ரம்பத்தால் அறுத்து, விளிம்பை அரத்தால் தேய்க்க வேண்டும்.

அதிகம் வளையாதவற்றுள் சணல் கயிறு நுழைத்துக் கட்டினோம். ஷாம்பு பாக்கெட் சரங்கள் தொங்குகின்றன. மற்றவை வீட்டுத் தக்காளிச் செடிக்கு முட்டுக்கோல். கரையான் அரிக்காது.

உப்பு, புளி, ஊறுகாய் பக்கம் மட்டும் வேண்டாம். அவை அலுமினியத்தை அரிக்கும். மின்கம்பி அருகிலும் கூடாது. வளைந்த அம்பை மீண்டும் எய்வது ஆபத்து.

மிஞ்சிய துண்டுகளைக் குப்பையில் போடாதீர். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும் சக்தியில் சுமார் 20-ல் 1 பங்கே போதும். எடைக்குப் போடுவது கடைசி வழி. முதல் வழி அல்ல.