எபிரேயப் பாட்டும் கூறியது கூறலும்

இராயபுரத்துக் கிறித்தவ அன்பரொருவர் தமிழ் விவிலியத்துச் சங்கீதப் பகுதியை எம்மிடங் கொணர்ந்து, "ஐயா, இவை பாட்டென்பர், யாப்பு யாது?" என வினவினார். சில ஏடு புரட்டிய யாம், "யாப்பில்லை, கூறியது கூறல் என்னுங் குற்றமே மிகுதி" என்று விடையிறுத்தோம். அவ்விடை பிழையென்பது பின்னர்த் தெளிந்தாம்.

தமிழ்ச் செய்யுளின் எதுகை மோனைகள் ஓசை பற்றியன. எபிரேயப் பாட்டின் தலைமைத் தொடையோ பொருள் பற்றியது. முன்னடி ஒன்று சொல்லப் பின்னடி அதனையே வேறு சொல்லாற் கூறும். அன்றி மறுதலையாற் கூறும். அன்றி அதன் குறையை நிரப்பும். 'மழை பொழிந்தது; கருமுகில் நீர் சொரிந்தது' என யாமே ஓர் எடுத்துக்காட்டு அமைக்கலாம். இம்மூவகையையும் ஆங்கில நாட்டு இராபர்ட்டு லோத் என்பார் 1753-இல் வெளியிட்ட நூலிற் பகுத்துரைத்தார். முதல்வகை தண்டியலங்காரம் கூறும் பொருட்பின்வருநிலையணியோடு ஒக்கும். இரண்டாவது நம் முரண்டொடைக்கு அணித்து. பின்னடி வாளா மீட்டுக் கூறுவதன்று, முன்னடியை மேலுங் கூர்மையாக்குவது என 1981-இல் ஜேம்சு கூகெல் என்பார் வற்புறுத்தினார். வேறு பயன் விளையுமாயிற் கூறியது கூறல் குற்றமன்றென்பது நம் உரையாசிரியர்க்கும் உடன்பாடன்றோ?

பொருட்டொடையாதலின் அது மொழிபெயர்ப்பில் அழிவதில்லை. யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியார்க்குத் துணையாய் நாவலர் பெருமான் உழைத்து, 1850-இல் வெளிவந்த தமிழ் விவிலியமும் உரைநடையே; அதனுள்ளும் அத்தொடை நிற்கும்.

எழுத்துப் பற்றிய அமைதி அவ்வாறன்று. 119-ஆம் சங்கீதம் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்கும் எழுத்தொன்றுக்கு 8 ஆக 176 வசனம் உடையது. அவ்வெட்டும் அவ்வெழுத்தையே முதலாக உடையன. ஆத்திசூடியின் அகர நிரலும் வருக்கக்கோவையும் நமக்கு நினைவில் வரும். தமிழிலோ ஆலெப், பேத், கிமெல் என்னும் எழுத்துப் பெயர்கள் தலைப்பாக எஞ்சின. அவை ஈண்டு நிற்பதன் காரணம் அறியாதே பலர் ஓதுவர். ஞானசம்பந்தப் பெருமானின் திருமாலைமாற்றைப் பிறமொழியிற் பெயர்ப்பினும் இக்கதியே நேரும்.

எருசலேம் அழிவை இரங்கிப் பாடிய புலம்பலிலும் 1, 2, 4-ஆம் அதிகாரங்கள் எழுத்துக்கு ஒன்றாக 22 வசனம். மூன்றாவது எழுத்துக்கு மூன்றாக 66. ஐந்தாவதும் 22 வசனமே. ஆயினும் அதன்கண் எழுத்து நிரல் இல்லை, எண் மாத்திரம் நிற்கிறது.