அலுமாரிக்கு மேலே இருக்கும் தகரப் பெட்டி



2024 செப்டம்பர் 21 ஆம் திகதி. நாட்டில் ஜனாதிபதித் தேர்தல். காலை பத்து மணியிருக்கும். லிந்துலையில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் எனது மாணவி ஒருத்தியின் உம்மும்மா வந்து நின்றார்கள். அறுபதைத் தாண்டிய விதவைத் தாய். முகத்தில் மழையா, கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை.

"அட்டை இருக்கு ஹஸரத். நம்பர் வெளங்கலயாம். போட ஏலாதுன்னுட்டாங்க."

கையிலிருந்த அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். எத்தனையோ வருடங்களாகச் சில்லறைப் பையில் சாவிக்கொத்தோடு கிடந்து உரசிய அட்டை. படம் வெளிறிப் போய், ஒன்பது இலக்கங்களில் நான்கு மட்டுமே மிஞ்சியிருந்தன. வாக்களிப்பு நிலையத்து உத்தியோகத்தர் மீது குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் வாசித்திருக்க முடியாது. ஆனால் அந்தத் தாயின் பெயர் இடாப்பில் இருந்தது. வாக்காளர் அட்டையும் கையில் இருந்தது. மாலை நான்கு மணியோடு வாக்களிப்பு முடிந்தது. அவர்களுடைய வாக்கு விழவில்லை.

ஒரு வாக்குத்தானே என்று நீங்கள் நினைக்கலாம். அன்று அந்தத் தாய் எனக்குச் சொன்ன அவர்களுடைய வாப்பாவின் கதையைக் கேட்டால் அப்படி நினைக்க மாட்டீர்கள்.

வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர். தோட்டங்களுக்குத் துணி சுமந்து விற்று, பின்னர் சிறு கடை போட்டவர். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டில் ஏழு ஆசனங்களை வென்றது. நமது தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அதற்கு அடுத்த 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. மக்கள் மனம் மாறிவிட்டார்களா? இல்லை. வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்களுடைய பெயர்கள்தாம் போய்விட்டிருந்தன.

இது எப்படி நடந்தது என்பதை நமது பெண்கள் அறிந்திருக்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது என்றது அந்தச் சட்டம். உங்கள் தந்தை இங்கே பிறந்தாரா? இல்லையென்றால் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்தார்களா? அதற்கு அத்தாட்சி எங்கே? லயத்துக் காம்பராவில் பிறந்த பாட்டனுக்கு யார் பதிவு வைத்திருந்தார்கள்? தாய் வழி கணக்கிலேயே இல்லை. உம்மும்மாவின் உம்மா இங்கேயே பிறந்து இங்கேயே மையித்தானாலும் அது பேரனுக்கு உதவாது. (தாய் வழியாகவும் பிரஜாவுரிமை பெறலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003 ஆம் ஆண்டில்தான்; ஐம்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு!)

சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் எல்லோரிடமும் பாட்டனின் பத்திரம் கேட்கப்படவில்லை. யாரிடம் கேட்பது என்பதைப் பெயரும் ஊரும் மொழியுமே தீர்மானித்தன.

அடுத்த வருடம் இன்னொரு சட்டம். அதன் பெயரையே கவனியுங்கள்: இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். தோட்டத் தொழிலாளரின் பிரச்சினைதானே, நமக்கென்ன என்று இன்று பேசும் நம்மவர்கள், பாகிஸ்தான் என்ற சொல் ஏன் அங்கே வந்தது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் மேமன்களும் அதே வரிசையில்தான் நிறுத்தப்பட்டார்கள். 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்று கதவைச் சாத்தியது. கேகாலைப் பக்கத்து ருவன்வெல்லையில் கோடக்கன் பிள்ளை என்பவர் தமது பெயரை இடாப்பில் சேர்க்க மறுத்ததை எதிர்த்து வழக்காடினார். வழக்கு லண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போனது. 1953 இல் அங்கும் தோற்றது. அதற்கு முன் 1952 ஏப்ரலில் மலையகத் தலைவர்கள் கொழும்பில் சத்தியாக்கிரகமும் இருந்து பார்த்தார்கள்.

நமது கதையிலுள்ள வாப்பா அந்த 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப்போட்டார். 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். மணமானவர் என்றால் ஏழு வருடம், தனியர் என்றால் பத்து வருடம் இடைவிடாமல் இங்கே வசித்திருக்க வேண்டும். ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் வதிவு அறுந்தது. அவருடைய மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர். குழந்தைக்கு நோய் கண்டு, கப்பல் தவறி, திரும்பி வர ஒன்றேகால் வருடமாகிவிட்டது. பிள்ளை பெறத் தாய்வீடு போவது நமது பெண்களுக்குப் புதிதா? அந்தப் பிரசவமே குடும்பத்தின் மனுவைத் தள்ளக் காரணமாயிற்று என்று அந்தத் தாய் சொன்னார்கள். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக மனுக்கள் போடப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

பிறகு நடந்தது தலை எண்ணிப் பங்கு பிரித்த கதை. 1964 அக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்றார்கள். மீதி 1,50,000 பேரை 1974 இல் பாதிக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள். அந்த வாப்பாவின் தம்பி குடும்பம் கப்பலேறியது, இவர் ஏறவில்லை. நாடற்றவராகவே மௌத்தானார். மகளுக்கு 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தால் வழி பிறந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் எஞ்சியிருந்தோர் ஒரு சத்தியக் கடதாசியோடு பிரஜையாக முடிந்தது. 2003 இல் வந்த 35 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் தாராளமானது. அந்த வருட இறுதியில் நடமாடும் நிலையங்களில் பத்தே நாட்களில் சுமார் 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள். ஐம்பத்தைந்து வருடம் முடியாதது பத்து நாளில் முடிந்தது. பத்திரம் கேட்பவன் மனம் வைத்தால் பத்திரம் இவ்வளவு சுலபம்!

இப்போது சொல்லுங்கள், அந்தத் தாய்க்கு அது ஒரு வாக்குத்தானா? வாப்பாவுக்கு 1947 இல் இருந்து, பிறகு ஒருநாளும் கிடைக்காத வாக்கு அது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. அசாமில் தேசிய குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் 2019 ஆகஸ்ட் 31 இல் வெளிவந்தபோது 19 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளியே நின்றார்கள். அங்கே பெரிதும் தவித்தவர்கள் மணமான பெண்கள். பிறப்புப் பதிவு இல்லை, பள்ளிக்கூடம் போகவில்லை, இளம் வயதில் வேறு கிராமத்துக்கு மணமாகிப் போனவள் 'நான் இன்னாரின் மகள்' என்பதற்கு எதைக் காட்டுவாள்? ஊராட்சிச் செயலாளர் தந்த சான்றிதழ் ஒன்றுதான். அதையும் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் 2017 இல் செல்லாது என்றது. சரிபார்த்து ஏற்கலாம் என்று அதே வருடம் உச்ச நீதிமன்றம் சொல்லியிராவிட்டால் அவர்கள் கதி என்ன? பீகாரில் 2025 இல் நடந்த வாக்காளர் பட்டியல் திருத்தத்தில் வரைவுப் பட்டியலிலேயே சுமார் 65 இலட்சம் பெயர்கள் இல்லை. அமெரிக்காவிலும் கன்சாஸ் மாநிலம் பிரஜை என்பதற்குப் பத்திரம் கேட்டு 2013 இல் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, சுமார் 31,000 பேரின் பதிவைத் தடுத்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நாட்டுப் பிரஜைகளே என்று கண்டு 2018 இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது.

அடையாள அட்டை கேட்பதே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. மௌத்தானவர்கள் 'எழுந்து வந்து' வாக்களித்த காலத்தை நமது நாடும் கண்டிருக்கிறது. அதனால்தான் 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் வாக்களிப்பு நிலையத்தில் அடையாளம் காட்டுவதைக் கட்டாயமாக்க வழி செய்தது. என் வழக்கு ஒன்றுதான்: கேட்பவர்கள் அதைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் இரண்டு நாள் போய்வந்தால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு நாள் பேர் விழாது. ஆகரபத்தனை, டயகமப் பக்கத்திலிருந்து பஸ் ஏறுபவளுக்குப் பயணச் செலவு வேறு. இதையெல்லாம் சட்டம் எழுதுவோர் நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அலுமாரிக்கு மேலே இருக்கும் தகரப் பெட்டியை இறக்குங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணின் பிறப்பத்தாட்சியையும் அடையாள அட்டையையும் திருமணப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் பாத்துமா, ஒன்றில் பாத்திமா, இன்னொன்றில் பாத்திமா பீவி என்றிருக்கும். வாப்பாவின் பெயர் சிங்களத்தில் ஒரு விதம், ஆங்கிலத்தில் ஒரு விதம். நிக்காஹ்வுக்குப் பின்னும் பெண் தன் தந்தையின் பெயரோடே இருப்பது நமது வழமை. அது இந்த விஷயத்தில் நமக்கு எத்தனை இலகு! அதை விட்டுவிட்டு, சில படிவங்களில் மட்டும் கணவரின் பெயரை ஒட்டவைத்து நாமே சிக்கலை உண்டாக்கிக் கொள்கிறோம். வாக்காளர் கணக்கெடுப்புப் படிவத்தை வீட்டு ஆண்கள் நிரப்பும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். அவர்களுக்கு மனைவியின் முழுப் பெயர் நினைவில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்!

பிறப்புப் பதிவே இல்லாத மூத்தவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். தோட்டத்தில் இருப்போரின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் அத்தாட்சிப்படுத்தலாம். வாக்காளர் அட்டை லயத்துக்கு வந்து சேராவிட்டாலும் கவலையில்லை. இடாப்பில் பெயரும் கையில் செல்லுபடியான அடையாளமும் இருந்தால் வாக்களிக்கலாம். அடையாள அட்டை இல்லாதவர்களும் அட்டை தெளிவில்லாதவர்களும் தேர்தலுக்கு முன்னரே கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பித்து, அந்தத் தேர்தலுக்கான தற்காலிக அட்டை பெறலாம். இதற்குக் கடைசித் திகதி உண்டு. தேர்தல் நாளன்று ஓடிப் பயனில்லை.

முகத்தை மூடும் சகோதரிகள் என்னிடம் கேட்பதுண்டு. அடையாளம் காண்பதற்காக முகம் காட்டுவதில் தடையில்லை. சாட்சியத்துக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் முகம் பார்க்கலாம் என்று நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்களே சொல்கின்றன. இதைச் சாட்டாக வைத்து வாக்கை விடாதீர்கள்.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று? நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்கு முன் நானும் அவர்களுடைய பேத்தியும் படிவம் நிரப்பி, படம் பிடித்து, தற்காலிக அட்டை எடுத்துக் கொடுத்தோம். அன்று காலையில் முதல் ஆளாகப் போய் வாக்களித்தார்கள். புதிய அடையாள அட்டைதான் அவ்வளவு சீக்கிரம் கிடைக்கவில்லை; பிறப்பத்தாட்சியில் வாப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

அதற்காகப் பெட்டியைக் கிளறியபோது 1951 ஆம் வருடத்து மனுவின் பிரதி வெளியே வந்தது. மடிப்புகளில் கிழிந்து, கரப்பான் அரித்து, கீழே வாப்பாவின் அறபுத்தமிழ்க் கையெழுத்து.

"இது இனி எதுக்கு ஹஸரத்? அடுப்புல போட்டுரட்டா?" என்று கேட்டார்கள்.

நான் வாங்கி, பேத்தியின் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்தேன்.