தொடுதிரையை யார் தொடுகிறார்கள்?

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கரும்பலகைக்கு அருகே இப்போது ஒரு திரையும் வந்து சேர்ந்திருக்கிறது. 22,931 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் திட்டத்தை மாநில அரசு மேற்கொண்டது. ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் வழங்கப்பட்டன. 2022 ஜூனில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பாடல், கதை, காணொலி, செயலிவழி மதிப்பீடு ஆகியவற்றைத் தொடக்க வகுப்புகளுக்குள் கொண்டுவந்தது. கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிக்கு அனுப்ப இயலாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இவை கிடைப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு கருவி வகுப்பறைக்குள் வந்துவிட்டது என்பதும், அது எல்லாக் குழந்தைகளின் கைக்கும் எட்டிவிட்டது என்பதும் ஒன்றல்ல.

கல்விக் கருவியைத் தொடுவது இந்நாட்டில் எளிய செயலாக இருந்ததில்லை. மும்பை எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் அம்பேத்கரை ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகையின் பின்னால் வைத்திருந்த தங்கள் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்பட்டுவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் கூச்சலிட்டனர். அவர் பலகையை நெருங்குமுன் ஓடிச்சென்று அவற்றை அகற்றினர். தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு இதைப் பதிவுசெய்கிறது. தொட்டால் மட்டுமே இயங்கும் ஒரு பலகை இன்று வகுப்பறைக்குள் வரும்போது, அதைத் தொடுவது யார் என்ற கேள்வியை நாம் எழுப்பியே ஆகவேண்டும்.

ஊடாட்டம் என்றால் என்ன?

திரையில் காணொலியை ஓடவிட்டு, குழந்தைகளைக் கைகட்டி அமரச் செய்வது ஊடாட்டக் கல்வி ஆகாது; அது வகுப்பறைக்குள் நடக்கும் தொலைக்காட்சி ஒளிபரப்பு மட்டுமே. குழந்தை ஒன்றைச் செய்ய, கருவி அதற்கு மறுமொழி தர, அதைக் கண்டு குழந்தை மீண்டும் முயல்வதே ஊடாட்டம். ஒரு வட்டத்தை விரலால் நான்காகப் பிரித்துக் கால் என்பதை அறிவதும், ல, ள, ழ ஆகிய எழுத்துகளின் ஒலியைக் கேட்டு உரிய படத்தோடு இணைப்பதும் அத்தகையவை.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு இதில் ஒரு தனிப் பயன் உண்டு. தவறான விடையைத் தொட்டால் கருவி மறுவாய்ப்புத் தருகிறது, ஏளனம் செய்வதில்லை, ‘உனக்கெல்லாம் படிப்பு எதற்கு’ என்று கேட்பதில்லை. கருவிக்குச் சாதி தெரியாது. ஆனால் கருவியிடம் யாரை அழைப்பது என்று முடிவெடுப்பவர் ஆசிரியர். அந்த முடிவில் சாதி நுழையக்கூடும்.

ஒரு திரை, முப்பது குழந்தைகள்

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். 30 குழந்தைகள், 40 நிமிடப் பாடவேளை, ஒரு திரை. நேரம் முழுவதையும் சமமாகப் பங்கிட்டாலும் ஒருவருக்கு 80 நொடிகளே கிடைக்கும். பங்கீட்டு முறை இல்லாவிடில், முதலில் கை உயர்த்தும் குழந்தைக்கே அந்த நேரம் செல்லும். வீட்டில் திறன்பேசியைப் பழகிய குழந்தையே தயக்கமின்றிக் கை உயர்த்தும்.

இந்த இடைவெளி கற்பனையன்று. ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்து 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் எளிய குடும்பங்களிடையே நடத்திய ஆய்வில், ஊரகத் தலித், பழங்குடிக் குழந்தைகளில் 4 விழுக்காட்டினரே இணையவழியில் முறையாகப் படித்துவந்தனர். ஏனைய ஊரகக் குழந்தைகளிடையே இது 15 விழுக்காடு. எனவே, வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம்கூடச் சிலரை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடும்.

இதற்குத் தீர்வு விலையுயர்ந்ததன்று. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. அதே நெறியைத் திரைக்கும் பொருத்தலாம். பெயர்ப்பட்டியல் வரிசையில் அழைப்பது, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்வது, ஊர்த்தெருவும் சேரியும் கலந்த சிறு குழுக்களாக ஒரு கைக்கணினியைப் பகிரச் செய்வது, கருவியைத் துடைத்து அடுக்கும் வேலையைக் குறிப்பிட்ட பிள்ளைகளிடமே விடாமல் சுழற்சியில் தருவது ஆகியவை போதும்.

திரையில் யாருடைய வாழ்வு?

அடுத்த கேள்வி உள்ளடக்கம் பற்றியது. ‘நமது வீடு’, ‘நமது உணவு’ என்னும் பாடங்களில் மாடி வீடும் சைவத் தட்டும் மட்டுமே திரும்பத் திரும்பத் தோன்றினால், தன் வீடும் தன் உணவும் ‘நமது’ என்பதில் சேராது என்று குழந்தை கற்றுக்கொள்ளும். ஆசிரியரின் கைப்பேசியே இதற்கு மாற்றாகலாம். பாட்டி சொன்ன கதை, தெருவில் வளரும் செடிகளின் பெயர்கள், வீட்டில் வழங்கும் சொற்கள் ஆகியவற்றைக் குழந்தைகளே தம் குரலில் பதிவுசெய்து வகுப்பில் ஒலிக்கச் செய்யலாம். ஆயினும் குழந்தையைக் குடும்பத்தின் தொழிலோடு பிணைத்து அடையாளப்படுத்தும் பதிவாக அது மாறிவிடக் கூடாது. எதைச் சொல்வது என்பதைக் குழந்தையே தீர்மானிக்க வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகள் பள்ளியில் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்கவும், இப்பிரிவுகளின் பெற்றோர் உரிய விகிதத்தில் இடம்பெறவும் அச்சட்டமே வழிசெய்கிறது. அக்குழுக் கூட்டத்தில் நம் பெற்றோர் கேட்கலாம்: திரை இயங்குகிறதா, பூட்டிக் கிடக்கிறதா? பழுதானால் யார் சரிசெய்வது? ஓராசிரியர் பள்ளியில் மற்ற வகுப்புப் பிள்ளைகளை அமைதிப்படுத்தவே அது பயன்படுகிறதா? இந்த வாரம் என் பிள்ளை எத்தனை முறை அதைத் தொட்டாள்?

கடைசிக் கேள்விக்குப் பெயர்ப்பட்டியலைக் காட்டி விடைசொல்ல முடிகிற பள்ளியில்தான் தொழில்நுட்பம் எல்லோருக்கும் பொதுவாகியிருக்கிறது.