லொறி ஏ.சி.க்குக் குளிரில் கேஸ் அடிக்கலாமா?

நமது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மரக்கறி லொறி ஓட்டிப் பிழைக்கிறார்கள். நுவரெலியாவில் கரட், லீக்ஸ், கோவா ஏற்றி, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல வழியாக இரவோடிரவாகக் கொழும்பு போய்ச் சேர வேண்டும். "இந்தக் குளிருல லொறிக்கு ஏ.சி. எதுக்கு?" என்று வீட்டில் கேட்பது நியாயம்தான். ஆனால் மழை நேரத்தில் முன் கண்ணாடி உள்ளே ஆவி பிடித்துவிடும். ஏ.சி. போட்டால் கேபினுக்குள் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்; கண்ணாடி தெளியும். ஒரு கையில் துணியும் மறு கையில் ஸ்டியரிங்குமாக வளைவு திருப்பியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. மேலே கேஸ் அடித்தபோது ஏ.சி. நல்லா ஓடியது, கொழும்பு வெயிலில் நெரிசலில் நின்றதும் நின்றுபோனது. மெக்கானிக் ஏமாத்திட்டார் என்று கோபப்படுகிறார்கள். ஏமாற்று என்று சொல்வதைவிட, கேஜைப் பார்த்து ஏமாந்தது என்று சொல்லலாம்.

இன்று ஓடும் லொறிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ கேஸ். இதன் அழுத்தம் சூட்டோடு ஏறும், குளிரோடு இறங்கும். எஞ்சின் ஆறி நிற்கும் லொறியில் கேஜ் மாட்டினால், 30 பாகை வெயிலில் ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. காட்டும். அதே லொறி நுவரெலியாவில் 15 பாகைக் குளிரில் 60 அளவில்தான் காட்டும். கேஸ் ஒரு துளியும் குறையவில்லை! ஓடும்போதும் அப்படித்தான். கொழும்பில் 200ஐ ஒட்டி நிற்கும் சிவப்பு முள், மேலே 150க்கும் கீழே நிற்கலாம். "கேஸ் பத்தாது" என்று 200 வரும்வரை ஏற்றினால், கீழே இறங்கியதும் அழுத்தம் எல்லை மீறும். பாதுகாப்பு சுவிட்ச் கம்பரசரை நிறுத்திவிடும். சுவிட்சும் பழுதாக இருந்தால் கம்பரசரே இறுகிப்போகலாம். சில லொறிகளில் தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது என்பதை மறக்கக்கூடாது. பெல்ட் அறுந்தால் எஞ்சினும் சூடேறும்.

அப்படியானால் சரியான அளவை எப்படி அறிவது? வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். முக்கால்வாசி தீர்ந்த பிறகும் அடுப்பு அதே மாதிரி எரியும். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஏ.சி.யும் அதே கதை, நிறுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை கிராம் என்று லொறியிலேயே லேபல் ஒட்டியிருக்கும். பழைய கேஸை மெஷினால் எடுத்து, வெக்கியூம் போட்டு, தராசில் நிறுத்து ஏற்றுவதே முறை. கொழுந்தைக் கண்ணால் பார்த்து கிலோ சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

கேஜ் வேண்டாத பொருள் என்று சொல்ல வரவில்லை. எஞ்சின் ஓடும்போது, அன்றைய சூட்டுக்கு இருக்க வேண்டியதைவிட நீலம், சிவப்பு இரண்டு முள்ளும் தாழ்ந்தால் பெரும்பாலும் கசிவு. மூட்டுகளில் எண்ணெய்க் கறை இருக்கிறதா பாருங்கள், சவர்க்காரத் தண்ணீர் தடவினால் பெரிய கசிவு குமிழி விடும். இரண்டும் ஏறினால் கேஸ் கூடியிருக்கலாம். அதற்கு முன் கண்டென்சரைப் பாருங்கள். சேறும் சருகும் அடைத்துக் காற்றுப் புகாவிட்டாலும் இதே கதிதான். மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் செலவில்லாமலே தீரும். நீல முள் ஏறி, சிவப்பு இறங்கினால் கம்பரசர் தேய்ந்திருக்கும். நீல முள் பூச்சியத்துக்கும் கீழே போனால் வழியில் எங்கோ அடைப்பு. இவை இரண்டும் கராஜ் வேலை.

எந்தக் குழாயையும் நீங்களாகக் கழற்றாதீர்கள். பீறிடும் கேஸ் தோலை உறையவைக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நெருப்புப் பட்டால் அது விஷப் புகையாகும். அந்த இடத்தில் பீடியும் வேண்டாம்.

அடுத்த முறை கேஸ் அடிக்கும்போது, எத்தனை கிராம் ஏற்றினார் என்று மெக்கானிக்கிடம் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.