மீட்டருக்கு அப்பால் யார் பொறுப்பு?

வயரிங் வேலைக்கு யார் போன் எடுத்தாலும் முதலில் "எந்த இடம்?" என்றுதான் கேட்பேன். பதுளை பசார்க் கடையா, ஹாலிஎலப் பக்கத்துத் தனி வீடா, தேயிலை பெக்டரியா, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயமா? எல்லா இடத்துக்கும் வருவது ஒரே கரண்டுதான். ஆனால் கட்டடம் மாறினால் சட்டமும் மாறும், கையெழுத்துப் போடுகிற ஆளும் மாறுவார்.

கடைக்காரர் மாநகர சபையில் பிளான் பாஸ் பண்ண வேண்டும். அவருக்குக் கிடைப்பது பொது நோக்க இணைப்பு. வீட்டு மீட்டரை வைத்துக்கொண்டு முன்னறையில் சலூன் நடத்த முடியாது. கோயிலுக்குத் தனிக் கட்டண வகை. தேவை 42 கேவிஏயைத் தாண்டினால் கட்டண வகையே வேறு.

பெக்டரிக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கொழுந்து வாட்டும் பெரிய விசிறிகளும் ரோலர்களும் 400 வோல்ட் மூன்று பேஸில் ஓடுகின்றன. தொழில் திணைக்களத்து அதிகாரி வந்து பார்க்கலாம். பிழை இருந்தால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். அங்கே டீமேக்கரைக் கேட்காமல் நான் ஒரு சுவிச்சையும் தொடுவதில்லை.

பெக்டரியை முதலில் பார்க்கும் இந்த முறை லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். இங்கிலாந்தில் 2005 ஜனவரியிலிருந்து 'பார்ட் பி' என்ற கட்டட விதி குடியிருப்பு வீடுகளின் வயரிங்குக்கென்றே இருக்கிறது. வேலைத்தளங்களுக்கு 1989ஆம் ஆண்டு விதிகள் தனியாக உண்டு. மனிதர் தூங்குகிற இடத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

நம் ஊரில் மீட்டர் வரைக்கும் கரண்டு கொடுப்பவரின் பொறுப்பு. அதற்கு உள்ளே வீட்டுக்காரர் பொறுப்பு. லயத்தில் வீட்டுக்காரர் யார்? காணி அரசாங்கத்தினுடையது, 1992க்குப் பிறகு குத்தகை கம்பனியினுடையது, லயத்துக் காம்பராவில் (அறையில்) பிறந்து வளர்ந்தவருக்கு ஓர் உறுதிப் பத்திரமும் இல்லை. இணைப்புக் கேட்கத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். உள்ளே வயர் கருகினால் மட்டும் அது குடியிருப்பவரின் பாடு. பிரதேச சபையிடம் போகலாம் என்றால், 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கையைக் கட்டி வைத்திருந்தது. தோட்டத்துக்குள் சபை வேலை செய்ய வழி விட்ட திருத்தம் 2018இல்தான் வந்தது.

பசறைப் பக்கம் ஒரு லயத்தில் ஒரு அக்காவிடம் வயரை முழுவதும் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். "தம்பி, கூரையே எங்களுது இல்ல. கூரைக்கு அடியில ஓடுற வயர எங்க காசுல மாத்தச் சொல்றீங்களே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்த வயரைப் பார்த்தால் விஷயம் புரியும். விளக்குக்காக இழுத்த மெல்லிய ட்வின் வயர், அடுப்புப் புகை படிந்த மரத்தில் ஆணியடித்து ஓடுகிறது. அதிலேயே ரைஸ் குக்கர், அயன்பாக்ஸ், கேத்தல். 2,000 வோட் கேத்தல் ஒன்பது அம்பியர் அளவுக்கு இழுக்கும்; விளக்கு லைனுக்குப் போடுகிற பிரேக்கர் ஆறு அம்பியர். அடிக்கடி விழுகிறதே என்று யாராவது பெரிய பிரேக்கரை மாட்டிவிடுவார்கள். பிறகு பிரேக்கர் விழாது, வயர் சூடாகும். லயத்தில் சுவரும் கூரையும் பொது. ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதும் ஓடும். மின்னொழுக்கால் லயம் எரிந்தது என்ற செய்தி மலையகத்தில் யாருக்கும் புதிதில்லை.

ஏர்த் இன்னொரு வில்லங்கம். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக நிலத்தில் ஏர்த் கம்பி இறக்க வேண்டும். நம் மலையில் கொஞ்சம் மண், அதற்குக் கீழே கல். ஊவாவில் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை வறட்சி. ஈரம் போனால் ஏர்த்தின் தடை ஏறிவிடும். அது 100 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 2.3 அம்பியர்தான் நிலத்துக்குள் போகும். ஆறு அம்பியர் பிரேக்கருக்கு அப்படி ஒரு கோளாறு இருப்பதே தெரியாது. 0.03 அம்பியர் ஒழுகினாலே விழுகிற ட்ரிப் சுவிச் ஒன்றுதான் அப்போது உயிரைக் காப்பாற்றும். "சும்மா சும்மா விழுது" என்று அதைத் தவிர்த்து வயரை நேராக இணைத்திருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சும்மா விழுவதில்லை, எங்கோ ஒழுகுகிறது.

தோட்டங்களில் தனிக் காணியில் கட்டிக் கொடுக்கும் தனி வீடுகளில் நிலைமை மேல். மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று லயங்களை மண் மூடிய பிறகு, மண்சரிவு அபாயம் உள்ள இடத்தில் வீடு கட்டும் பேச்சு வந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரும் கூடவே வருகிறது. நிலத்தை ஓர் அதிகாரி பார்க்கிறார், நல்லது. வயரிங்கையும் அப்படி ஒருவர் பார்க்க வேண்டும். வீடு கையில் கிடைக்கும்போது சாவியோடு வயரிங் சோதனைப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். சோதித்தவரின் கையெழுத்து அதில் இருக்க வேண்டும்.

லயத்தில் இருப்பவர்கள் ட்ரிப் சுவிச்சில் 'டி' என்று போட்ட சின்னப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: லயத்துக்குப் புதுத் தகரம் போடும்போது கூரைக்கு அடியில் ஓடும் வயரையும் சேர்த்து மாற்றிக் கொடுங்கள். தகரம் ஏறிய பிறகு அந்த வயரை யாரும் பார்க்கப் போவதில்லை.