அடைப்புக்குறிக்குள் ஒரு கடை

இணைய வணிகத்தை இப்போது பட்டப் படிப்பாகவே சொல்லித்தருகிறார்கள். கம்ப்யூட்டர் படிப்பு என்று நினைத்துச் சேர்பவர்களுக்குக் காத்திருப்பது கணக்கும் சட்டமும் திரும்பி வரும் பார்சலும்.

கல்லூரி சேர்க்கை நாட்களில் வரிசையில் நிற்கும் அப்பாக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுவும் பி.காம். தானே?" கையில் மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். வெறும் பி.காம். இடங்கள் நிரம்பிவிட்டன. மிச்சமிருப்பவை பின்னால் ஓர் அடைப்புக்குறியைச் சுமக்கும் பி.காம்.கள்: கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், வங்கியியல், இ-காமர்ஸ். இவை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் இருப்பதால் கட்டணமும் கூடுதல். மேசைக்குப் பின்னால் இருப்பவர் "பி.காம். தான், அதற்கும் மேலே" என்று சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்தை வாங்குவார்.

அப்பாவின் கேள்வி அப்பாவித்தனமானது அல்ல. அந்தக் குடும்பத்தின் மூன்றாண்டுச் சேமிப்பு அதற்கான பதிலில்தான் இருக்கிறது.

இந்தப் படிப்பு பிறந்த வேளை விசித்திரமானது. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை 2000 மார்ச்சில் உச்சத்தைத் தொட்டு, பிறகு சரிந்து, இணைய நிறுவனங்களைக் கூட்டம் கூட்டமாக மூட வைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தது. மின்னணு ஆவணத்துக்கும் டிஜிட்டல் கையெழுத்துக்கும் சட்ட அந்தஸ்து கிடைத்தது. நமது பல்கலைக்கழகங்கள் சட்டத்தைக் கவனித்தன, சரிவைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பி.காம். இ-காமர்ஸ் வந்தது. பள்ளியிலிருந்து நேராகச் சேரக்கூடிய ஐந்தாண்டு எம்.பி.ஏ. இ-காமர்ஸ் படிப்பு இந்தூர் தேவி அஹில்யா பல்கலைக்கழகத்தில் வந்தது. 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் சாதாரண பி.காம். மாணவருக்கும் இ-காமர்ஸ் ஒரு தாளாகச் சேர்ந்தது.

முதல் வரிசை மாணவர்கள் பாடத்தில் படித்த கடையைக் கண்ணால் பார்த்தவர்கள் அல்ல. 2002இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது பணம் கம்பி வழியே போனது, டிக்கெட் கூரியரில் வந்தது. ஃபிளிப்கார்ட் 2007இல் பெங்களூரில் புத்தகக் கடையாகத் தொடங்கியது. பொருள் கைக்கு வந்தபின் பணம் தரலாம் என்று அது 2010இல் சொன்ன பிறகுதான் கிரெடிட் கார்டு இல்லாத இந்தியா கடைக்குள் எட்டிப் பார்த்தது. அமேசான் 2013இலும் யு.பி.ஐ. 2016இலும் வந்தன.

பாடப் புத்தகத்தால் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் 1990களின் நடுவில் முன்வைத்து, வியாபாரிகள் ஏறெடுத்தும் பார்க்காமல் விட்ட 'செட்' என்ற பாதுகாப்பு முறைக்குப் பல புத்தகங்களில் இன்னும் தனித் தலைப்பு உண்டு. 1998இல் திவாலான டிஜிகேஷின் மின்னணு நாணயமும் அங்கே உயிரோடு இருக்கிறது. தெருமுனைத் தேங்காய்க் கடையில் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்திவிட்டு வகுப்புக்கு வரும் மாணவி, டிஜிகேஷின் நன்மை தீமைகளை எழுதி மதிப்பெண் வாங்க வேண்டியிருக்கிறது. இணையப் பக்கம் வடிவமைப்பதற்கான எச்.டி.எம்.எல். குறிகளைத் தேர்வுத் தாளில் பேனாவால் எழுதுவது இன்னொரு வேடிக்கை.

ஆனால் இந்தப் படிப்பைக் கேலி செய்து ஒதுக்குபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பழசாகிப்போனது அதன் 'இ' பகுதிதான். 'காமர்ஸ்' பகுதி அப்படியே செல்லுபடியாகிறது. எங்கே என்று பார்க்க சூரத்துக்குப் போகலாம்.

சூரத்தின் ரிங் ரோடு ஜவுளிச் சந்தைகளிலிருந்து நாடெங்கும் சேலைகள் போகின்றன. பானிபட்டிலிருந்து போர்வையும் மொராதாபாத்திலிருந்து பித்தளைப் பொருட்களும் திருப்பூரிலிருந்து பனியனும் இதே போல் இணையக் கடைகளில் ஏறுகின்றன. மொத்த வியாபாரிக்கு மட்டுமே சரக்கு அனுப்பிப் பழகியவர்கள் இப்போது முகம் தெரியாத ஒரு பெண்மணிக்கு ஒரே ஒரு சேலையை அனுப்புகிறார்கள். அவர் கதவைத் திறந்து, பார்சலைப் பார்த்து, "வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு சொல்லின் விலை என்ன என்பதுதான் இந்த வியாபாரத்தின் முழுப் பாடம்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரு சேலையின் அடக்க விலை ரூ. 350, விற்பனை விலை ரூ. 500 என்று வைத்துக்கொள்வோம். வரியும் இணையக் கடையின் கழிவும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பார்சலுக்குக் கூரியர் ரூ. 60, பொதி கட்ட ரூ. 10. திரும்பி வந்தால் இன்னொரு ரூ. 60. நூறு சேலைகள் அனுப்பி, 25 திரும்பி வருகின்றன. விற்ற 75இல் ரூ. 11,250 மிச்சம். போகும் கூரியருக்கு ரூ. 6,000, பொதிக்கு ரூ. 1,000, திரும்பும் கூரியருக்கு ரூ. 1,500. கையில் நிற்பது ரூ. 2,750. திரும்பியவற்றில் ஐந்து கறைபட்டோ கிழிந்தோ வந்தால் அதில் ரூ. 1,750 போய்விடும். நூறு சேலைக்கு லாபம் ஆயிரம் ரூபாய். ஒரு சேலைக்குப் பத்து. கடைக்காரர் மனசில் போட்ட கணக்கு சேலைக்கு 150!

திரும்பும் பார்சல் 25இலிருந்து 30 ஆனால்? மிச்சம் ரூ. 10,500. செலவு ரூ. 8,800. கெட்டுப்போனவை ஆறு, அதற்கு ரூ. 2,100. இப்போது ரூ. 400 நஷ்டம். ஐந்தே பார்சல்கள் லாபத்தை நஷ்டமாக்கிவிடுகின்றன. விற்பனையாளர்கள் இதை 'ஆர்.டி.ஓ.' என்கிறார்கள், புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது என்ற பொருளில். டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்துக்கும் அதே பெயர் இருப்பது தற்செயல்தான் என்றாலும் இரண்டுமே வயிற்றைக் கலக்குபவை.

இந்தக் கணக்கைப் போட எச்.டி.எம்.எல். தேவையில்லை. அடக்க விலைக் கணக்கியல் போதும். இணையக் கடையின் கிடங்கில் சரக்கை வைத்து விற்பதைப் புரிந்துகொள்ள, பழைய பி.காம். மாணவர்கள் திட்டிக்கொண்டே படித்த கன்சைன்மென்ட் கணக்கு போதும். சரக்கு அடுத்தவர் கிடங்கில் இருக்கிறது, ஆனால் விற்கும்வரை அனுப்பியவருக்கே சொந்தம், விற்றவருக்குக் கழிவு, வழியில் சேதமானால் அசாதாரண நஷ்டம். தாத்தா காலத்துப் பாடத்தில் உள்ள எல்லாமே அங்கே இருக்கிறது. அந்நிய முதலீட்டில் நடக்கும் இணையச் சந்தைகள் தாங்களே சரக்கு வைத்து விற்கக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2019 பிப்ரவரி 1 முதல் மேலும் இறுக்கப்பட்டது. சரக்கு யாருடையது என்ற கேள்வி தேர்வுக்கு மட்டுமானது அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

சட்டமும் அப்படித்தான். 2004இல் பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தில் ஒருவர் ஆபாச ஒளிப்பதிவை விற்பனைக்கு வைத்ததற்காகத் தளத்தின் தலைமை அதிகாரி கைதானார். அடுத்தவர் வைத்த சரக்குக்குச் சந்தை நடத்துபவர் பொறுப்பா என்ற விவாதம் சூடுபிடித்தது. 2008இன் திருத்தம் இடைத்தரகர்களுக்கான பாதுகாப்பை விரித்தது. மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் அந்தக் காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது என்றும் தெளிவுபடுத்தியது. 2020இன் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாகத் தெரிவிக்கவும் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் சொல்கின்றன. மொராதாபாத்தில் படிக்கும் மாணவர் தன் வீட்டுப் பட்டறையின் குத்துவிளக்கை இணையச் சந்தையில் விற்க நினைத்தால் முதலில் தெரிய வேண்டியது ஜி.எஸ்.டி. விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பதிவு இல்லாமல் இப்படி விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி செய்யப்பட்டது. விளக்கை அதே சந்தை மூலம் சென்னைக்கு அனுப்பப் பதிவு வேண்டும்.

இவற்றை நன்றாகச் சொல்லித்தரும் ஆசிரியர் கிடைத்தால் அந்த மாணவி அதிர்ஷ்டசாலி. ஆனால் படிப்பு முடிந்ததும் என்ன வேலை? விளம்பரக் கையேட்டில் 'டிஜிட்டல் மேலாளர்'. நடைமுறையில் முதலில் கிடைப்பவை பொருட்களின் படத்தையும் விவரத்தையும் இணையக் கடையில் ஏற்றும் வேலை, வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதில் சொல்லும் வேலை, நகருக்கு வெளியே உள்ள கிடங்கில் ஷிஃப்ட் வேலை. எதற்கும் இந்தப் பட்டம்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர், அதிகாரி தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும் என்பதால் அங்கே அடைப்புக்குறி தடையாக நிற்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். பட்டயக் கணக்காளர் படிப்பில் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேரடியாக இடைநிலைக்குச் செல்ல, வணிகவியல் பட்டதாரி 55 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். அதோடு கணக்கியல், தணிக்கை, வணிகச் சட்டம், வரி, அடக்க விலையியல், பொருளாதாரம் போன்ற பட்டியலிலிருந்து நூறு மதிப்பெண் தாள்கள் மூன்றையாவது படித்திருக்க வேண்டும். கணினித் தாள்களைச் சேர்ப்பதற்காக இவற்றை வெட்டிய பாடத்திட்டம் அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிடும். மாநில அரசுப் பணிகளிலும் கவனம் தேவை. தமிழகத்தில் ஒரு பட்டம் இன்னொன்றுக்குச் சமமா என்பதை அரசாணைகள் முடிவு செய்கின்றன. பி.காம். என்று மட்டும் கேட்கும் வேலைக்கு அடைப்புக்குறியோடு போகிறவர் அந்த ஆணையின் நகலைத் தேடி அலைய வேண்டியிருக்கும். பி.பி.ஏ. என்ற பெயரில் நடப்பவை 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் வந்தன, பி.காம். வரவில்லை. ஒரே பாடத்தை இரு பெயர்களில் நடத்தும் கல்லூரியில் இதையும் விசாரிக்க வேண்டும்.

ஆக, வரிசையில் நிற்கும் அப்பா கேட்க வேண்டியது பட்டத்தின் பெயரை அல்ல. ஆறு பருவங்களின் தாள் பட்டியலை வாங்கி, கணக்கியல் எத்தனை, சட்டம் எத்தனை, வரி எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம். இரண்டு நிமிட வேலை. பட்டியலைத் தரத் தயங்கும் கல்லூரியைப் பற்றியும் அந்த இரண்டு நிமிடத்தில் ஏதோ தெரிந்துவிடும்.

எண்ணும்போது கடைசிப் பருவத்தின் புராஜெக்டையும் பார்ப்பது நல்லது. 'இணையக் கடைகள் குறித்து வாடிக்கையாளர்களின் மனநிறைவு' என்ற தலைப்பில் நூறு பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி, வட்ட வரைபடம் போட்டு, ரெக்சின் அட்டை கட்டி நூலகத்தில் அடுக்குவது வெகு காலமாக நடக்கும் சடங்கு. நூறு பேரில் பாதிப் பேர் வகுப்புத் தோழர்கள். அதற்குப் பதிலாகப் பக்கத்துத் தெருவில் இணையத்தில் விற்கும் ஒரு ஜவுளிக் கடைக்காரரின் ஒரு மாதப் பார்சல் கணக்கை எடுத்து, எத்தனை போனது, எத்தனை திரும்பியது, ஏன் திரும்பியது, சேதத்தை யார் தலையில் கட்டினார்கள் என்று எழுதச் சொல்லும் துறைத் தலைவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரரை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டவைப்பதுதான் அதில் சிரமமான பகுதி.